கடல் விளையாட்டிற் சிறு கலங்கள்

கணினி விளையாட்டுகளைப் பற்றி இத்தகைய ஏடொன்றில் எழுதுவதா என நண்பர் சிலர் ஐயுறக்கூடும். சினிமா பிறந்த காலத்திலும் இதே ஐயம் எழுந்தது. அதனை ஒதுக்கியவர்கள் இறுதியில் தாமே ஒதுங்க நேரிட்டது என்பது நாம் அறிந்த வரலாறு. இன்று எமது பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவரிற் பலர் நாவலை வாசிக்கும் நேரத்தினும் கூடிய நேரத்தைத் திரையில் ஓடும் விளையாட்டுகளிற் செலவிடுகின்றனர். அவ்விளையாட்டுகளுக்கும் கதையுண்டு, களமுண்டு, காலமுண்டு, உலகை இன்னவாறு நோக்கவேண்டும் என்னும் பார்வையும் உண்டு. பார்வை உள்ள இடத்தில் விமர்சனத்துக்கும் இடமுண்டு. அவை முதலாளித்துவச் சந்தையின் சரக்குகள் என்று சொல்லிக் கைகழுவிவிடுவது எளிது. அச்சடித்த புத்தகமும் சந்தைச் சரக்குத்தான் என்பதை அவ்வாறு சொல்வோர் மறந்துவிடுகின்றனர்.

கடற்போரைப் பொருளாகக் கொண்ட விளையாட்டுகளின் ரசிகரிடையே நெடுநாளாக ஒரு கோரிக்கை உண்டு. பெரும் போர்க்கப்பல்கள் மட்டும் போதா. வரலாற்றில் உண்மையாக இருந்த பல்வகைச் சிறு பாய்க்கலங்களையும் சேர்க்கவேண்டும் என்பதே அது. இக்கோரிக்கையை நாம் வரவேற்கிறோம். ஆனால், சேர்ப்பது என்றால் என்ன என்ற வினா இங்கு எழுகிறது. கலத்தின் உருவத்தை வரைந்து, அதற்கொரு பெயரும் சில எண்களும் சூட்டி, துறைமுகக் கடையில் விற்பனைக்கு வைத்துவிட்டாற் போதுமா? அன்றி, அக்கலத்தை ஆக்கிய கடலும் காற்றும் உழைப்பும் அதனோடு கூடவே வரவேண்டுமா? உருவம், உள்ளடக்கம் என்று இலக்கியத்தில் நாம் ஓயாது விவாதித்துவரும் பிரச்சினைதான் இது. வேற்றுடை தரித்து வந்திருக்கிறது, அவ்வளவே.

இதனை ஆராய்வதற்கு 'ஸ்கல் அன்ட் போன்ஸ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு நிறுவனமான யூபிசொஃப்டின் சிங்கப்பூர்க் கிளை இதனை ஆக்கியது. 2017இல் அறிவிக்கப்பட்டு, பன்முறை தள்ளிப்போடப்பட்டு, 2024 பெப்ரவரியில் வெளிவந்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஈவ் கியெமோ, துறையில் வழங்கும் மூன்று 'ஏ' என்ற உயர்தரக் குறியீடும் போதாதென்று இதற்கு நான்கு 'ஏ' சூட்டினார். அந்த நான்காவது எழுத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எம்மைக் கவர்ந்தது வேறொன்று. கடற்கொள்ளையரைப் பற்றிய விளையாட்டுகளும் படங்களும் பெரும்பாலும் கரிபியன் கடலைவிட்டு அசைவதில்லை. இவ்விளையாட்டோ பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி இந்து சமுத்திரத்தைக் களமாகக் கொண்டது. ஆபிரிக்கக் கீழ்க்கரையும், கிழக்கிந்தியத் தீவுகளும் அதில் இடம்பெறுகின்றன. ஸ்லூப், கட்டர், பிரிகண்டைன் என்னும் ஐரோப்பியக் கலங்களோடு டௌ, சம்புக், பதவாக்காங், பெடார் ஆகிய கீழைத்தேயக் கலங்களும் வருகின்றன. பெருநிறுவனமொன்று பெருஞ்செலவில் ஆக்கிய விளையாட்டில் எமது சமுத்திரத்தின் சிறு கலங்களுக்குக் கிடைத்த இடம் இது. இதனைப் புறக்கணித்தல் தகாது. பெருமைப்பட்டு நின்றுவிடுதலும் தகாது.

டௌவிலிருந்து தொடங்குவோம். விளையாட்டின் தொடக்கத்திற் பெருங்கப்பலொன்றை இழந்து, யாவும் போனவனாய்க் கடலில் மிதப்பவனுக்கு வாய்ப்பது இந்த டௌ. அதுவே யாவற்றினும் மெலிந்தது. அதில் ஏறிச் சிறு வேட்டையாடி, பொருள் சேர்த்து, கூடிய விரைவில் அதனைக் கைவிட்டு, பீரங்கி மிகுந்த வேறொன்றுக்கு மாறுவதே ஆடுபவன் செய்யவேண்டிய முதற்கருமம். சிறு கலம் இங்கு ஏழ்மையின் அடையாளம், ஏணியின் கீழ்ப்படி, வளர்ச்சியென்பது அதனைவிட்டு நீங்குதல். சம்புக்கும் பதவாக்காங்கும் ஐரோப்பிய நடுத்தரக் கலங்களோடு சமதையாக வைக்கப்பட்டுள்ளன என்பது உண்மையே. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் சமதை எதில்? சம்புக் தீ மூட்டுவதில் வல்லது. பதவாக்காங் குண்டுவெடிப்பில் வல்லது. இரண்டும் அழிப்பதில் ஐரோப்பியனுக்குச் சமதையாகிவிட்டன!

'டௌ' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அரபு மாலுமி தன் கலத்தை இவ்வாறு பொதுப்பெயராற் சொல்வதில்லை. உடலின் வடிவத்தையும், முகப்பின் வளைவையும், பின்புறம் கூர்மையா சதுரமா என்பதையும் பார்த்து, சம்புக் என்பான், பூம் என்பான், பக்லா என்பான். இவை யாவற்றையும் ஒரு சொல்லில் அடக்கி 'டௌ' என்றவர்கள் பெரும்பாலும் கரையில் நின்று பார்த்த ஐரோப்பியர்கள். அவ்வகையிற் பார்த்தால், சம்புக்கையும் டௌவையும் இரு வேறு இனங்களாகப் பட்டியலிடுவது, மாம்பழத்தையும் பழத்தையும் இரு வேறு பழங்களாகக் கூடையில் வைப்பது போன்றது. சிறு பிழைதானே என்று தோன்றலாம். ஐரோப்பியக் கலங்களுக்கு ஸ்லூப் வேறு, கட்டர் வேறு, பிரிகண்டைன் வேறு, பிரிக் வேறு என்று நுணுகிப் பிரிக்கும் கண், கிழக்கே திரும்பியதும் மங்கிவிடுவது ஏன் என்று கேட்டாற்றான் பிழையின் அளவு புலப்படும்.

இனிச் சம்புக்கின் உண்மையான வாழ்க்கையைப் பார்ப்போம். செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் அது சரக்கேற்றியது, முத்துக்குளிப்புக்குச் சென்றது. 1938ஆம், 1939ஆம் ஆண்டுகளிற் குவைத் மாலுமிகளோடு பாய்க்கலத்திற் சென்ற அவுஸ்திரேலியரான அலன் வில்லியர்ஸ், அவ்வனுபவத்தை ஒரு நூலாக எழுதினார். அந்நூல் பழைய பாய்க்கலங்களின் அழகைப் பேசுவதோடு, அம்மாலுமிகளும் முத்துக்குளிப்போரும் அமிழ்ந்திருந்த கடனையும் பேசுகிறது. வணிகனிடம் நாகுதாவுக்குக் கடன். நாகுதாவிடம் முத்துக்குளிப்பவனுக்குக் கடன். பருவந்தோறும் முன்பணம் வாங்கி, பருவ முடிவிற் கணக்குப் பார்க்கையிற் பழைய கடன் தீராமல் மறுபருவமும் அதே கலத்தில் ஏறவேண்டிய நிலை. மன்னாரின் முத்துக்குளிப்பையும், எமது கடற்கரைகளிற் சம்மாட்டிமாருக்கும் கூலிக்கு வலையிழுப்போருக்கும் இடையிலிருந்த உறவையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றுமில்லை. அக்கலத்தின் ஒவ்வொரு பலகையும் இந்தக் கடன்சங்கிலியாற் பிணைக்கப்பட்டது. விளையாட்டில் வரும் சம்புக்கோ யாருக்கும் கடன்படவில்லை. அது தீ மூட்டுகிறது.

மாலுமிகள் எவ்வாறு வருகிறார்கள் என்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். விளையாட்டு வெளியான காலத்தில், கலம் முழுவேகத்தில் ஓடும்போது மாலுமிகளின் வலுவைக் காட்டும் கோடொன்று திரையிற் சுருங்கிக்கொண்டே வரும். அது தீர்ந்தால் வேகம் குறையும். உணவை எடுத்துக் கொடுத்தால் மீண்டும் நிரம்பும். உழைப்புச்சக்தி, அதன் தேய்வு, அதனை மீளுருவாக்கும் உணவு! மார்க்ஸ் தமது பெருநூலில் விளக்கிய விஷயத்தை இவ்வளவு பச்சையாகத் திரையிற் காட்டிய வேறு விளையாட்டை நாம் கண்டதில்லை. காட்டியவர்கள் அதனை உணர்ந்து காட்டினார்கள் என்று நாம் கருதவில்லை. ஏனெனில் அக்கோட்டுக்குப் பின்னால் மனிதர் எவரும் இல்லை. அவர்களுக்குக் கூலியில்லை, பங்கில்லை, முகமில்லை. கப்பலின் மேற்றளத்தில் நடந்து அவர்களோடு பழகவும் ஆடுபவனுக்கு வழியில்லை. பகைக்கலத்திற் பாய்ந்து ஏறும் கட்டத்தையும் அவன் ஆடுவதில்லை. ஓடிமறையும் ஒரு காட்சியாகப் பார்க்கிறான்.

இவ்விடத்தில் 1987ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் செல்வது பயனுடையது. அவ்வாண்டில் அமெரிக்கரான சிட் மையர் ஆக்கிய 'பைரேட்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. இன்றைய கண்ணுக்கு அதன் படங்கள் சிறுபிள்ளைக் கிறுக்கல்களாகத் தோன்றும். ஆயினும் அதிற் கொள்ளைப்பொருளைக் கப்பலோட்டிகளுக்குப் பங்கிடவேண்டும். நெடுங்காலம் பங்கிடாதிருந்தால் அவர்கள் முணுமுணுப்பார்கள்; கலகமும் செய்வார்கள். தலைவனுக்குரிய பங்கு எவ்வளவு என்பதும் கணக்கில் உண்டு. சிறு கலங்களுக்கோ அதிற் கிடைத்த மதிப்பு வேறு. பினஸ், ஸ்லூப் என்னும் சிறு கலங்கள் ஆழங்குறைந்த நீரில் அஞ்சாமற் செல்லும். பெருங்கப்பல்கள் பாறையில் மோதும். காற்று எதிர்த்து வீசும்போது பினஸில் உள்ளவர்கள் தண்டு வலித்துச் செல்லலாம். ஆதலால், சிறு கலத்தில் இருப்பவன் அதனைவிட்டு ஓட விரும்பவேண்டிய அவசியமில்லை. அதிலேயே இருந்து, பெரியவனை ஆழமற்ற நீருக்கு இழுத்துச்சென்று ஏமாற்றலாம். 2004இல் இவ்விளையாட்டு புதுக்கப்பட்டபோது கலவகைகள் 27 ஆகப் பெருகின. கரிபியன் பழங்குடிகளின் போர்ப்படகும் அவற்றுள் ஒன்று.

இதனால் அவ்விளையாட்டு குற்றமற்றது என்று ஆகிவிடாது. பதினேழாம் நூற்றாண்டுக் கரிபியனிற் சர்க்கரை விற்கிறான், வாங்குகிறான். அச்சர்க்கரையை விளைவித்த அடிமைகள் அவ்விளையாட்டில் எங்கும் இல்லை. தன் காலத்தின் பெரும் பொய்யை அதுவும் சொல்லிற்று. யூபிசொஃப்டே 2013இல் வெளியிட்ட 'பிளக் ஃபிளக்'கும், அதன் தொடர்ச்சியாக வந்த 'ஃபிரீடம் கிரை'யும் அடிமைக்கப்பலைத் திரைக்குக் கொண்டுவந்தன என்பதைச் சொல்லவேண்டும். 'பிளக் ஃபிளக்'கில் மாலுமிகள் கூட்டாகப் பாடும் கப்பற் பாட்டுக்கள் பலரை ஈர்த்தன. அப்பாட்டுக்களிற் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியவை. கதையோ பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குரியது. இக்காலவழுவை நாம் பெரிதாக எண்ணவில்லை. உழைப்போரின் குரல் கேட்டதே என்பது எமது நிலைப்பாடு. பதினேழாம் நூற்றாண்டுப் பொத்தானைச் சரியாக வரைந்துவிட்டு மாலுமியை மறப்பதிலும், மாலுமியை நினைத்துப் பாட்டை மாற்றி வைப்பது மேல்.

எனவே, வரலாற்று உண்மை என்று நாம் கோருவது பொத்தானின் உண்மையை அன்று. அவ்வாறாயின் எதனை? சிறு கலத்தைச் சிறு கலமாக ஆக்கியது எதுவோ, அதனை. அது பெரும்பாலும் கலத்துக்கு வெளியே இருக்கிறது.

முதலிற் காற்று. இந்து சமுத்திரத்தின் வரலாற்றைப் பருவக்காற்றே எழுதிற்று எனலாம். வாடை வீசும் மாதங்களில் ஒரு திசை. சோழகம் வீசும் மாதங்களில் மறுதிசை. சோழகம் கடுமையாகும் காலத்தில் இந்தியாவின் மேலைக்கரைத் துறைமுகங்கள் மூடிக்கிடக்கும். அரபு நாட்டிலிருந்து ஆபிரிக்கக் கரைக்குச் சென்ற மாலுமி, காற்று மாறும்வரை மாதக்கணக்கில் அங்கேயே தங்கினான், அங்கே பெண்ணெடுத்தான், மொழி கற்றான். சுவாஹிலி மக்களின் பண்பாடு உருவானதில் இக்காத்திருப்புக்குப் பெரும் பங்குண்டு. அதாவது, கலம் ஓடாத காலமும் அக்கலத்தின் வரலாறே. 'ஸ்கல் அன்ட் போன்ஸ்' விளையாட்டிற் காற்று உண்டு. ஆனால் அது ஆடுபவனைக் காக்க வைக்காது. காற்றுக்கு நேரெதிராகத் திருப்பினாலும் கலம் வேகம் குறைந்து ஊர்ந்துகொண்டிருக்கும். இன்னுமொரு வேடிக்கையையும் இங்கு குறிப்பிடவேண்டும். அவ்விளையாட்டில் 'பருவம்' என்ற சொல் மிகுதியாக வழங்குகிறது. அது காற்றின் பருவமன்று, விற்பனையின் பருவம். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுச்சரக்குகளை இறக்கி ஆடுவோரைப் பிடித்துவைக்கும் வணிகமுறைக்கு அத்துறையில் வழங்கும் பெயர் அது. கடலின் பருவம் மறைந்து கடையின் பருவம் வந்தது!

அடுத்தது ஆழமற்ற நீர். ஐரோப்பியரின் பீரங்கிக் கப்பல்களை இச்சமுத்திரத்தின் மக்கள் எவ்வாறு எதிர்த்தார்கள்? பெருங்கப்பல் கட்டியும் எதிர்த்தார்கள். ஓமானியர் 1650இல் மஸ்கற்றையும் 1698இல் மொம்பாசாவையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் மலையாளக் கரையிற் குஞ்ஞாலி மரைக்கார்கள் நெடுங்காலம் நடத்திய போர், தண்டு வலிக்கும் சிறு படகுகளின் போர். கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் ஒளிந்திருந்து, போர்த்துக்கேயக் கப்பல் காற்றின்றி அசைவற்று நிற்கும் வேளை பார்த்துப் பாய்ந்து, பீரங்கி திரும்புமுன் மறைந்தன அப்படகுகள். போர்த்துக்கேயரின் அனுமதிச்சீட்டின்றி எவரும் கடலிற் செல்லக்கூடாது என்ற ஆணைக்கு விடையாக எழுந்த போர் அது. நான்காம் குஞ்ஞாலியை 1600இற் போர்த்துக்கேயர் கோவையிற் கொன்றனர் என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது கோவாவில் நிகழ்ந்தது. அவரைப் பிடிப்பதற்கு அவர்களுக்குக் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் துணை வேண்டியிருந்தது என்பதையும், கடலில் வெல்லப்படாதவர் தரையில் ஆளும் வர்க்கத்தாற் காட்டிக்கொடுக்கப்பட்டார் என்பதையும் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

ஒரு நூற்றாண்டின் பின் கொங்கணக் கரையில் மராட்டியரின் கடற்றலைவரான கான்ஹோஜி ஆங்கிரே இதே உண்மையை வேறு வகையிற் பயன்படுத்தினார். குராப், கல்லிவத் என்னும் இருவகைக் கலங்கள் அவரிடம் இருந்தன. கல்லிவத் சிறியது, நாற்பது ஐம்பது தண்டுகளால் வலிக்கப்படுவது. காற்றடங்கியபோது கல்லிவத்துக்கள் குராப்களைக் கயிறு கட்டி இழுத்துச்சென்று, பீரங்கி குறைந்த பகைக்கப்பலின் பின்புறத்தில் நிறுத்திவிடும். கிழக்கிந்தியக் கம்பனி அவரைக் 'கொள்ளைக்காரர்' என்றது. 1729இல் அவர் இறக்கும்வரை அவரை வெல்ல முடியவில்லை. இந்த இழுத்தலை எண்ணிப் பாருங்கள். சிறு கலம் தனித்து வெல்வதில்லை, கூட்டாக வெல்கிறது. கூட்டத்தின் பின்னால் அக்கரையின் ஊர்கள் உண்டு: தண்டு வலிப்போரைத் தந்த ஊர்கள், செய்தி சொன்ன ஊர்கள், ஒளிய இடமளித்த ஊர்கள். ஒருவன், ஒரு கலம், ஒரு செல்வக்குவியல் என்ற அடிப்படையில் அமைந்த விளையாட்டிற் கல்லிவத்தைச் சேர்த்தால், அது மிக மெலிந்த ஒரு பிரிகண்டைனாகவே இருக்கும், கல்லிவத்தாக இராது.

மூன்றாவதாகக் கலத்தின் கட்டுமானம். இதிலேதான் ஆக்கியோரின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததொன்று கைநழுவிப்போயிற்று என்று நாம் வருந்துகிறோம். இச்சமுத்திரத்தின் பழங்கலங்கள் பல ஆணியடித்துக் கட்டப்பட்டவை அல்ல. தும்புக்கயிற்றாற் பலகைகளைத் தைத்துக் கட்டப்பட்டவை. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இற் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம் இவ்வகையது. சீனத்து மட்பாண்டங்களை ஆயிரமாயிரமாகச் சுமந்து சென்று மூழ்கியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஓமானில் ஆணியின்றித் தைத்துக் கட்டிய 'ஜுவல் ஒஃப் மஸ்கற்' என்னும் கலம், 2010இற் கொச்சியிலும் எமது காலித் துறைமுகத்திலும் தங்கி, சிங்கப்பூரை அடைந்தது. அந்நாட்டு மக்களுக்கு அன்பளிப்பாகவும் வழங்கப்பட்டது. விளையாட்டு ஆக்கப்பட்ட அதே நகரம் அது!

தைத்த கலத்தின் சிறப்பு அதன் நெகிழ்ச்சி. சென்னைக் கரையின் மசூலாப் படகு பேரலையில் மோதும்போது விறைத்து நின்று உடைவதில்லை. அலையோடு வளைந்து கொடுத்துக் கரையேறும். துறைமுகமற்ற சென்னையிற் கம்பனியின் துரைமாரையும் அவர்தம் பொதிகளையும் கப்பலிலிருந்து கரைசேர்த்தவை இப்படகுகளே. கம்பனியின் சொந்தப் படகுகளுக்கு அந்த அலை இணங்கவில்லை. விளையாட்டுகளிலோ கலத்தின் உடல் ஓர் எண். அடிபட அடிபடக் குறையும். மரம் தடித்திருந்தால் எண் பெருகும். விறைப்பே வலிமை என்ற ஒரே இலக்கணம். வளைதலும் வலிமையே என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை. கட்டர் ஒன்றின் கணக்கிலேயே மசூலாவையும் வைத்து, மேலே கயிறு தைத்த கோலம் வரைந்தால், படம் அழகாகத்தான் இருக்கும்.

எமது தீவின் தென்மேற்குக் கரையில் இன்றும் காணக்கூடிய 'ஒறுவ' என்னும் சிங்கள மீனவரின் படகு இக்கருத்துக்கு இன்னும் சிறந்த சான்று. குடைந்த மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், இரு வளைந்த தடிகளின் நுனியில், மிதவையொன்று பிணைக்கப்பட்டிருக்கும். பாய் விரித்துச் செல்லுகையில் அம்மிதவை எப்பொழுதும் காற்று வரும் பக்கமே இருக்கவேண்டும். அவ்வாறாயின், திசைமாறும்போது என்ன செய்வது? படகு திரும்புவதில்லை; பாய் திரும்புகிறது. முன்புறம் பின்புறமாகிறது, பின்புறம் அணியமாகிறது. வழிநடத்தும் துடுப்பை எடுத்துக்கொண்டு மனிதன் மறுமுனைக்குப் போகிறான். காற்றுக் கடுமையானால், ஒருவர் தடியின் மேலேறி மிதவைப் பக்கம் சென்று பாரம் கொடுப்பார். மேலும் கடுமையானால் இன்னொருவர். ஆதலின் அம்மீனவர் காற்றின் வலுவையே ஓராள் காற்று, ஈராள் காற்று என்று மனிதரை வைத்து அளந்தனர். காற்றை அளக்க மனித உடலையே கோலாகக் கொண்ட ஒரு தொழில்மரபு! இதனை விளையாட்டிற் சேர்க்க விரும்புவோர், கப்பலுக்கு முன் பின் என்று நிலையான இரு முனைகள் உண்டு என்ற தமது அடிப்படை விதியையே மாற்றி எழுதவேண்டியிருக்கும். மாற்றி எழுதட்டும் என்பதே எமது கருத்து. ஐரோப்பியக் கப்பலை மனத்தில் வைத்து எழுதிய விதியைப் பிரபஞ்ச விதியாகக் கொண்டதாலன்றோ, ஏனைய கலங்கள் யாவும் அதன் வறிய உறவினராகத் தோற்றமளிக்கின்றன.

அரபுக் கலங்களின் முக்கோணப் பாயிலும் இத்தகைய நுட்பம் உண்டு. பெரிய முக்கோணப் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவது எளிதன்று. கலத்தின் பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டித் திருப்பி, பாயைத் தாங்கும் நெடிய பருமலைப் பாய்மரத்தின் முன்னாற் சுற்றிக் கொண்டுவரவேண்டும். பலர் ஒன்றுகூடி, ஒரே தாளத்தில் இழுத்தாலன்றி இது நடவாது. ஒருவன் தவறினால் பருமல் ஆளைக் கொல்லும். இந்த ஒரு செயலை மட்டும் ஒழுங்காகச் செய்து காட்டியிருந்தால், கூட்டுழைப்பு என்பது என்னவென்று ஆயிரம் கட்டுரைகளாற் சொல்லமுடியாததை ஓர் இளைஞன் தன் விரல்நுனியில் உணர்ந்திருப்பான். நாவலுக்கும் நாடகத்துக்கும் இல்லாத ஆற்றல் இவ்விளையாட்டுக் கலைக்கு உண்டென்றால், அது இதுதான்: காண்பவனைச் செய்பவனாக்குதல்.

விளையாட்டு விளையாட்டாக இருக்கவேண்டாமா, மாதக்கணக்கிற் காற்றுக்குக் காத்திருக்க யார் பணம் கொடுப்பார் என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. நாவலாசிரியன் பத்தாண்டுகளை ஒரு பந்தியிற் கடக்கிறான். விளையாட்டும் அவ்வாறு கடக்கலாம். காத்திருந்தேன் என்பதன் விளைவு தெரிந்தாற் போதும்: சந்தை விலை மாறியிருக்கும், கடன் பெருகியிருக்கும், பகைவனும் அதே துறையில் அடைபட்டுக் கிடப்பான். 1987இன் சிறு இயந்திரத்திலேயே ஆழமற்ற நீரையும் தண்டையும் பங்கையும் சேர்க்க முடிந்ததென்றால், நான்கு 'ஏ'க்களுக்கு இது இயலாததன்று. இயலாமை தொழில்நுட்பத்தில் இல்லை. எதனைச் சேர்த்தால் விற்கும் என்ற கணக்கிலேயே இருக்கிறது.

மற்றொரு சாராரின் மகிழ்ச்சியையும் நாம் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. எங்கள் கலம் வந்துவிட்டது, எங்கள் பெயர் உலகத்திரையில் ஏறிவிட்டது என்று பூரிப்போர் அவர்கள். பதவாக்காங்கைப் பாருங்கள். சுலாவெசியின் மக்காசர் மாலுமிகள் அதிலேறி, பருவக்காற்றோடு அவுஸ்திரேலியாவின் வடகரைக்குச் சென்று, கடலட்டை பிடித்து, அவித்து, உலர்த்திச் சீனச் சந்தைக்கு அனுப்பினர். அக்கரையின் ஆதிக்குடிகளான யொல்ஙு மக்களோடு அவர்களுக்கு உறவும் கொடுக்கல் வாங்கலும் இருந்தன. அம்மக்களின் மொழியில் மக்காசர்ச் சொற்கள் இன்றும் உண்டு. ஐரோப்பியன் அக்கண்டத்தை வெறுநிலம் என்று கூறிக் கைப்பற்றிய கதைக்கு இச்சிறு கலம் ஒரு மறுப்பு. 1907ஆம் ஆண்டளவில் வெள்ளையர் அரசு அனுமதி மறுத்து அவ்வரவை நிறுத்திற்று. இவ்வளவு பெரிய கதையைச் சுமந்த கலத்தின் பெயரை வைத்து, அதிற் குண்டெறியும் கருவியை ஏற்றிவிட்டால், அக்கலத்துக்குச் செய்தது மரியாதையா?

எமது சொந்தக் கலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கலத்தை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயஸ் கால்வாய் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து ஓட்டிச்சென்று, 1938 ஓகஸ்டில் மசச்சூசெற்ஸிலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். இக்கதையை நாம் விழாமேடைகளிற் கேட்டு மகிழ்கிறோம். அதே வகைக் கலங்களில் பர்மாவிலிருந்து அரிசி ஏற்றிவந்த தண்டையல்களும், கூலிக்குச் சென்றவர்களும், திரும்பாதவர்களும் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று எழுதிய பக்கங்கள் எம்மிடம் எத்தனை? தொடந்தூவையிற் கட்டப்பட்டு மாலைதீவுக்கும் இந்தியாவுக்கும் சென்ற சிங்களவரின் 'யாத்திரா தோணி' 1930 அளவில் மாலைதீவருகே மூழ்கியதோடு அவ்வினம் அற்றுப்போயிற்று என்பர். அதனைத் தெரிந்த தமிழ் மாணவர் எத்தனை பேர்? ஈழத்து முத்துச்சலாபங்களிலும் சென்னை மீன்பிடித் திணைக்களத்திலும் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் ஆங்கிலேயர், 1920இலேயே இப்பகுதியின் படகுகளை அளந்து, வரைந்து, நூலாக வெளியிட்டார். யாழ்ப்பாணத் தோணியின் முகப்பில் தீட்டப்பட்ட கண்ணையும் அவர் குறித்துவைத்தார். அவர் ஆட்சியாளரின் ஊழியர். அவர் நோக்கில் வரையறைகள் உண்டு. ஆயினும் இன்று ஒரு கணினிக் கலைஞன் எமது தோணியொன்றை விளையாட்டிற் சேர்க்க விரும்பினால், அவன் திறக்கவேண்டியிருப்பது ஹோர்னெலின் நூலையே.

அத்தகைய கலைஞர்கள் இருக்கவே இருக்கிறார்கள். பெருநிறுவனங்கள் ஆக்கிய விளையாட்டுகளைத் தாமே திறந்து, தமக்கு விருப்பமான கலங்களைக் கூலியின்றிச் சேர்க்கும் இளைஞர் பல நாடுகளிலும் உளர். எம்மிடையேயும் அக்கல்வியும் திறனும் பெற்றோர் பெருகிவருகின்றனர். பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் மன்னாரிலும் பாய் விரித்துக் கடலோடிய அனுபவம் உள்ள முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தக் கயிற்றை யார் பிடித்தார், கச்சான் எழும்பினால் எங்கே ஒதுங்கினார்கள், ஓட்டத்தின் முடிவிற் பணம் எவ்வாறு பங்கிடப்பட்டது, தண்டையலுக்கு எத்தனை பங்கு, சோறாக்கிய பொடியனுக்கு எத்தனை பங்கு என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்குக் கணினி தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். உயர்தர வகுப்பு மாணவர் விடுமுறையிற் செய்யக்கூடிய வேலை அது. பங்கைப் பற்றிய கேள்வியை மட்டும் இறுதிக்கு ஒதுக்காமல் முதலிலேயே கேட்கவேண்டும்.